பேழையின் உள்ளளவு



இலக்கிய அமைப்புகள் படைப்பாளிகளுக்குச் சிறப்புச் செய்யும் முறைகள் பல. பொன்னாடை உண்டு, பொற்கிழி உண்டு, நினைவுக் கேடயம் உண்டு. கேடயம் கடைகளில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. விழாவுக்கு முதல்நாள் பெயர்த் தகட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஓட்டப் பந்தயத்தில் வென்ற சிறுவனுக்கும், ஐம்பது ஆண்டுகள் எழுதிய முதியவருக்கும் ஒரே கேடயம் பொருந்தும். அவ்வளவு எளிதில் எவர்க்கும் பொருந்துகின்ற ஒன்று, பெறுபவரைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இதற்கு மறுதலையான ஒரு பொருளைப் பற்றியதே இவ்வுரை. ஒரு பதக்கத்திற்கோ, ஓர் எழுதுகோலுக்கோ, ஒரு செப்பேட்டிற்கோ என்றே அளந்து, அதன் வடிவை உள்ளே குடைந்து செய்யப்படும் மரப்பேழையே அப்பொருள்.

இப்படிப்பட்ட பேழையை இன்று பட்டறைகளில் 'ரூட்டர்' என்னும் குடைபொறியைக் கொண்டு செய்கின்றனர். மின்மோட்டாரின் நுனியில் பூட்டிய சிறு வெட்டலகு, நிமிடத்திற்கு 20,000 சுற்றுகளுக்கும் மேலாகச் சுழன்று மரத்தைக் குடையும். இதற்கு முன்னோடியான கைக்கருவியை ஆங்கிலேயத் தச்சர்கள் 'கிழவியின் பல்' என்று வழங்கினர். மரக்கட்டையின் நடுவே ஒற்றை அலகு மட்டும் துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டு இப்பெயரிட்ட தச்சன் எவனோ, அவனும் ஒரு கவிஞனே.

கருவி எத்துணை விரைவானதாயினும் அதற்குக் கண் இல்லை; வழிகாட்ட ஒன்று வேண்டும். அவ்வழிகாட்டியே அச்சுப்பலகை. பட்டறை வழக்கில் இதனை 'டெம்ப்ளேட்' என்பர். ஒட்டுப்பலகையிலோ எம்.டி.எஃப். பலகையிலோ வேண்டிய வடிவை முதலில் வெட்டி எடுத்து, அதனை நல்ல மரத்தின்மேல் பொருத்தி, அதன் விளிம்பை ஒட்டியே குடைபொறியைச் செலுத்துவது முறை.

அச்சைப் பின்பற்றி மரத்தை வெட்டும் முறை பெருமளவில் வளர்ந்தது போர்க்கருவிச் சாலைகளில்தான். அமெரிக்காவில் தாமஸ் பிளாஞ்சர்டு என்பவர், துப்பாக்கியின் மரக்கட்டையை மாதிரி ஒன்றைத் தடவிப் பார்த்து அதே வடிவில் கடையும் பொறிக்கு 1819இல் உரிமம் பெற்றார். பின்னர் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில், துப்பாக்கியின் விசைப்பகுதி அமர வேண்டிய பள்ளத்தைக் குடையும் பொறிகளையும் அமைத்தார். ஆயிரம் துப்பாக்கிகளுக்கு ஆயிரம் பள்ளங்கள், அனைத்தும் ஒன்றுபோல் என்பதே அங்கு நோக்கம்.

அப்படியாயின், ஒரே ஒரு பேழை செய்பவனுக்கு அச்சுப்பலகை எதற்கு? நேரே மரத்திலேயே குடைந்துவிடலாகாதா? கவிஞர்களுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். பிழை நேர்ந்தால் அது மலிந்த பலகையில் நேரட்டும், ஈட்டி மரத்தில் நேர வேண்டாம் என்பதே காரணம். அச்சுப்பலகை தவறிப் போனால் அதை எறிந்துவிட்டு வேறொன்று செய்யலாம். ஒரு பிடி அரத்தால் தேய்த்துத் திருத்தலாம். கழிவுக்கட்டை ஒன்றில் முதலில் குடைந்து, பொருளை அதில் இட்டுப் பார்த்து, மீண்டும் திருத்தலாம். ஆயிரம் படிகள் எடுப்பதற்கென வளர்ந்த முறை, ஒற்றைப் படைப்பாளியின் கையில் அடித்துத் திருத்தும் தாளாக மாறிவிடுகிறது.

இனி அளவைப் பார்ப்போம். நோபல் பரிசுப் பதக்கத்தின் விட்டம் 66 மில்லிமீட்டர். இலக்கியத்திற்கான பதக்கத்தின் பின்புறத்தில், வாகை சூடுவோர்க்குரிய லாரல் மரத்தடியில் அமர்ந்து, கலைமகளின் பாடலைச் செவிமடுத்து எழுதிக்கொள்ளும் இளைஞன் ஒருவனைச் சுவீடன் நாட்டுச் சிற்பி எரிக் லிண்ட்பெர்க் வடித்துள்ளார். அவ்வளவுடைய பதக்கம் ஒன்றிற்குப் பேழை செய்வதாகக் கொள்க.

பள்ளமும் 66 மில்லிமீட்டராகவே இருந்தால் பதக்கம் உள்ளே செல்லாது. சென்றால் வெளியே வாராது. அடியிலும் சுற்றிலும் விரிக்கும் துணிக்கும், சிறிது நெகிழ்வுக்கும் எனப் பக்கத்திற்கு ஒன்றரை மில்லிமீட்டர் விட்டால் பள்ளத்தின் விட்டம் 69 ஆகிறது. குடைபொறியின் அடித்தட்டில் வழிகாட்டி வளையம் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். 'கைடு புஷ்' எனப்படும் அவ்வளையமே அச்சுப்பலகையின் விளிம்பை உரசிச் செல்கிறது; வெட்டலகு அதன் நடுவே சுழல்கிறது. வளையத்தின் வெளிவிட்டம் 12, அலகின் விட்டம் 6 எனில், இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டில் பாதி, அதாவது 3 மில்லிமீட்டர், ஒவ்வொரு பக்கமும் உள்ளே தள்ளியே வெட்டு விழும். ஆகவே அச்சுப்பலகையின் துளை 75 மில்லிமீட்டராக இருத்தல் வேண்டும்.

இந்தக் கணக்கை மறந்து துளையை 69ஆக வெட்டியவனுக்குக் கிடைப்பது 63 மில்லிமீட்டர்ப் பள்ளம். அதைப் பெரிதாக்கித் தப்பிவிடலாம். ஆனால் துளையைச் சரியாக 75ஆக வெட்டிவிட்டு, 6 மில்லிமீட்டர் அலகிற்கு மாறாக 8 மில்லிமீட்டர் அலகைப் பூட்டிவிட்டால் பள்ளம் 71 ஆகிவிடும். பதக்கம் உள்ளே ஆடும். குறைய வெட்டியதைக் கூட்டலாம், கூட வெட்டியதைக் குறைக்க இயலாது. அச்சுப்பலகையும் பொருளும் ஒரே அளவினவல்ல என்பதும் இக்கணக்கில் தெளிவாகிறது. யாப்பைக் கற்ற இளங்கவிஞர் பலர் தடுமாறும் இடமும் இதுவே. வாய்பாட்டின் அளவையே பாடலின் அளவாகக் கொண்டு, எழுதுபவனின் குரலுக்கென விடவேண்டிய இடைவெளியை விடாமற் போகின்றனர். விளைவாக, ஓசை நிறைந்திருக்கும். பொருள் உள்ளே புகாது.

குடையும்போது பத்து மில்லிமீட்டர் ஆழத்தையும் ஒரே வீச்சில் எடுக்கலாகாது. மூன்று மில்லிமீட்டர் அளவாகப் பலமுறை இறங்க வேண்டும். அலகு மேலிருந்து பார்க்க வலமாகச் சுழல்வதால், பள்ளத்தின் உள்விளிம்பிலும் பொறியை வலமாகவே நகர்த்த வேண்டும், வெளிவிளிம்பாயின் இடமாக. அப்போது மரம் அலகை எதிர்த்து நிற்கும். பொறி கைக்கு அடங்கும். திசை மாறினால் அலகு மரத்தைக் கவ்விப் பொறியை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மூலைகளுள்ள பள்ளமாயின், சுழலும் அலகு ஒருபோதும் கூர்மூலையைத் தராது. 6 மில்லிமீட்டர் அலகு 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவையே விட்டுச்செல்லும். அதைச் செதுக்கி நேராக்க உளியும் கையுமே வேண்டும். அச்சும் பொறியும் முக்கால் பங்கு வேலையைச் செய்கின்றன. மூலைகள் மட்டும் மனிதனுக்கென மிஞ்சுகின்றன.

பெட்டியைச் செய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. உடலையும் மூடியையும் தனித்தனியே செய்யாமல், ஆறு பக்கமும் மூடிய ஒரே பெட்டியாக முதலில் இணைத்துவிடுவர். பசை இறுகிய பின்னர்ச் சுற்றிலும் அறுத்து மூடியைப் பிரிப்பர். வாளின் தடிப்பளவு மட்டுமே மரம் இழக்கப்படுவதால், மூடியின் இழையோட்டம் உடலின் இழையோட்டத்தோடு தொடர்ந்து செல்லும். மூடி வைத்தால் பிரிந்த இடம் தெரியாது.

இவ்விடத்தில் வள்ளுவர் நினைவுக்கு வருதல் இயல்பு. உட்பகை அதிகாரத்தில், உள்ளே பகை கொண்ட குடும்பத்தைச் செப்புக்கும் அதன் மூடிக்கும் ஒப்பிடுகிறார் அவர். பார்வைக்குப் பொருந்தியிருந்தும் உண்மையில் ஒன்றாத கூட்டம் என்பது கருத்து. பேழையைப் பற்றிய எச்சரிக்கையாகவும் அக்குறளைக் கொள்ள இடமுண்டு. பேழைக்குள் உண்மையிலேயே உட்பகை விளைவதுண்டு.

மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் ஈயப் பதக்கங்களையும் ஈய முத்திரைகளையும் ஓக் மரப் பேழைகளில் வைத்துக் காத்தனர். ஓக் உறுதியான மரம். அழகிய இழை கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஈயத்தின் மேல் வெண்பொடி பூத்தது. முகங்களும் எழுத்துக்களும் உதிர்ந்தன. ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியைக் கசியவிடுகிறது. காடியில் உள்ளதும் அதே அமிலம்தான். மூடிய பேழைக்குள் அவ்வாவி தேங்கி, காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து ஈயத்தை அரித்து வெள்ளையாக்குகிறது. ஓவியர்க்கு வெள்ளை வண்ணம் செய்ய ஈயத் தகடுகளைக் காடியின் ஆவியில் வைத்து அரிக்கச் செய்த பழைய முறை ஐரோப்பாவில் இருந்தது. அங்கே வேண்டுமென்று செய்ததையே பேழை இங்கே யாரும் அறியாமற் செய்தது. மூடி எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறதோ, அவ்வளவுக்குக் கேடு மிகுதி.

வெள்ளிக்கு வேறொரு பகை உண்டு. கம்பளித் துணியிலும் சிலவகை ரப்பரிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். நாணயம் சேர்ப்போர் மகாகனி மரப்பேழைகளை நெடுங்காலமாக விரும்பி வந்தனர். உள்விரிப்பாகக் கம்பளியைத் தவிர்த்துப் பருத்தித் துணியைக் கொள்வது நலம். புதிதாகப் பூசிய மெருகும் பசையும் நன்கு ஆறி மணம் போகும்வரை பொருளை உள்ளே வைக்கலாகாது என்பதும் நல்ல தச்சர் அறிந்தது.

மரம் அறுபட்ட பின்னும் அசைவதை நிறுத்துவதில்லை. ஈரம் மிகும்போது இழைக்குக் குறுக்கே விரிகிறது, வறளும்போது சுருங்குகிறது, இழையின் நீளவாக்கில் மாற்றம் மிகச் சிறிது. அசைவு குறைந்த மரம் எனப் பெயர்பெற்ற தேக்குகூடப் பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், ஆரத்தின் திசையில் 2.5 விழுக்காடும் சுருங்கும். பதப்பட்ட பலகையில் இவ்வசைவு சிறு பங்கே ஆயினும், வட்டமாகக் குடைந்த பள்ளம் மழைக்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக இருக்கும். இன்று இறுகப் பொருந்துவது நாளை பொருளைக் கவ்விக்கொள்ளும்.

இதனால்தான் கைதேர்ந்தவர் பள்ளத்தின் இருபுறமும் விரல் நுழையும் அளவில் இரண்டு அரைவட்டக் குழிவுகளைச் சேர்த்துக் குடைகின்றனர். அதற்கெனத் தனி அச்சுப்பலகை உண்டு. பார்ப்பவர் அதனை அழகுக்காக அமைத்தது என்று எண்ணக்கூடும். பொருளை எடுப்பதற்கான வழி அது. அவ்வழி இல்லாத பேழையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டித்தான் பதக்கத்தை எடுக்க வேண்டும். பேழை பொருளை ஏந்தினாற் போதாது. விடவும் தெரிந்திருக்க வேண்டும்.

சிறப்புச் செய்தலின் வரலாற்றிலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. 1934இல் தமிழ்நாட்டிலும் நிகழ்ந்த ஹரிஜனப் பயணத்தின்போது, காந்தியடிகள் தமக்கு அளிக்கப்பட்ட வரவேற்பிதழ்களையும் அவை வந்த பேழைகளையும் கூட்டத்திலேயே ஏலமிட்டு, வந்த பணத்தை நிதியில் சேர்த்தார்.  பெற்றவரை அடைத்து வைக்காத சிறப்பு அது.

பொருள் நிலையாதது என்பதற்கும் சான்று உண்டு. 1913இல் தாகூருக்கு வழங்கப்பட்ட நோபல் பதக்கம், 2004 மார்ச்சில் சாந்திநிகேதன் அருங்காட்சியகத்திலிருந்து களவு போயிற்று. பின்னர் நோபல் அறக்கட்டளை பிரதிகளைச் செய்து வழங்கியது. அவ்வாறு செய்ய இயன்றது, பதக்கம் போயினும் அதன் வடிவு காக்கப்பட்டிருந்ததால்தான். பட்டறைகளிலும் பழைய அச்சுப்பலகைகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருப்பதைக் காணலாம். எந்தப் பேழைக்கு, எந்த அலகிற்கு, எந்த வளையத்திற்கு என்று அவற்றின் மேல் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். அக்குறிப்பு அழிந்தால் பலகை இருந்தும் பயனில்லை. அளவு எதனின்று பிறந்தது என்பது தெரியாமற் போய்விடும்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் அமைப்பு இத்தொழிலிடம் பெறத்தக்க பாடங்கள் சில உண்டு. சிறப்புச் செய்யப் புகுமுன் சிறப்புப் பெறுபவரின் படைப்பை முழுதும் படித்தல், அளத்தலுக்கு ஒப்பானது. தவறுவதாயின் மேடையில் தவறாமல், முன்னரே தமக்குள் கூடிப் பேசும்போது தவறித் திருத்திக்கொள்ளுதல், அச்சுப்பலகை செய்தலுக்கு ஒப்பானது. புகழ்மொழியில் கசியும் காடியைக் கண்டு விலக்குதல், மரம் தேர்தலுக்கு ஒப்பானது. பாராட்டப்பட்ட கவிஞன் அப்பாராட்டிலேயே சிக்கிக்கொள்ளாமல், அடுத்த கவிதைக்கு எழுந்து செல்ல வழி விடுதல், விரற்குழி இடுதலுக்கு ஒப்பானது.

இவை நான்கும் பொருந்திய பேழை சிறிதாயினும் நெடுநாள் நிற்கும். எழுதுவோரும் எழுதியோரைப் போற்றுவோரும் இவ்வளவைகளைக் கைக்கொள்வாராக.