காத்தல் என்னும் சொல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக இந்த மெல்பேண் நகரில் தமிழ்ச் சொற்களை எடைபோட்டு வந்திருக்கும் இவ்வட்டத்தின் முன், இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியத்துக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். அவுஸ்திரேலியப் பூர்வகுடிக் குழந்தைகளையும் குடும்பங்களையும் தாங்குவதற்காக அரசும் அம்மக்களின் சமூக அமைப்புகளும் சேர்ந்து செய்யும் பணியைப் பற்றியே பேச விழைகிறேன். ஆயினும் இதனுள்ளே ஒரு சொல்லின் வரலாறு உண்டு. 'காத்தல்' என்பதே அச்சொல்.

1909ஆம் ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் பெயர் 'பூர்வகுடியினர் பாதுகாப்புச் சட்டம்'. அதனை நடத்தியது பாதுகாப்புச் சபை. 1915இல் வந்த திருத்தம், நீதிமன்றத்தில் எதனையும் மெய்ப்பிக்காமலே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துச்செல்லும் அதிகாரத்தை அச்சபைக்கு அளித்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் இத்தகைய அதிகாரத்தைக் கையாண்டவரின் பதவிப்பெயர் 'தலைமைப் பாதுகாவலர்'. பறித்தவர்கள் தம்மைக் காப்பவர்கள் என்றே அழைத்துக்கொண்டனர்.

1910க்கும் 1970க்கும் இடையில் இவ்வாறு பிரிக்கப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள், மூவரில் ஒருவர் முதல் பத்துப்பேரில் ஒருவர் வரை இருக்கலாம் என 1997இல் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை கணித்தது. 2008 பெப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

அக்குழந்தைகளுள் ஒருவர் மார்கரெட் டக்கர். 1917இல், பதின்மூன்று வயதில், பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கூட்டமுண்ட்ரா விடுதியில் சேர்க்கப்பட்டார். அங்கே சிறுமியருக்குக் கற்பிக்கப்பட்டது வீட்டு வேலை. பின்னர் வெள்ளையர் இல்லங்களுக்குப் பணிப்பெண்களாக அவர்கள் அனுப்பப்பட்டனர். மார்கரெட் வளர்ந்து, மெல்பேணில் வாழ்ந்து, தம் மக்களின் உரிமைக்காக உழைத்தார். 1977இல் தம் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். அவருடைய மகள் மொலி டயர். 1970களின் பிற்பகுதியில் விக்டோரியப் பூர்வகுடிக் குழந்தை நல அமைப்பைத் தோற்றுவித்தவர் அவரே. தாயிடமிருந்து பறிக்கப்பட்ட சிறுமியின் மகள், பிள்ளைகள் பறிபோகாமல் தடுக்கும் நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். 'காத்தல்' தன் மெய்ப்பொருளை அங்கே மீட்டுக்கொண்டது.

இத்தகைய அமைப்புகளின் போராட்டத்தால் ஒரு நெறி உருவாயிற்று. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவேண்டிய கட்டாயம் நேர்ந்தால், முதலில் உறவினரிடமும், இயலாவிடின் தன் சமூகத்தாரிடமும், அதுவும் இயலாவிடின் வேறு பூர்வகுடிக் குடும்பத்திடமும் ஒப்படைக்கவேண்டும் என்பதே அந்நெறி. 1983இல் வட ஆட்புலம் இதனை முதன்முதலாகச் சட்டத்தில் எழுதியது. பேரன் பேத்தியை வளர்க்கும் பாட்டியையும், தங்கை பிள்ளையைத் தன் பிள்ளையாகக் கொள்ளும் பெரியம்மாவையும் அறிந்த நமக்கு இந்நெறியை எவரும் விளக்கவேண்டியதில்லை.

எனினும் நெறியை எழுதிய பின்னும் முடிவெடுக்கும் எழுதுகோல் அரச அலுவலரின் கையிலேயே இருந்தது. பூர்வகுடி அமைப்பு ஆலோசனை கூறலாம். அலுவலர் அதைக் கேட்கலாம், கேளாதும் விடலாம். ஆலோசனை ஒன்று, அதிகாரம் வேறொன்று. இந்த இடைவெளியைக் கடக்க விக்டோரியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், அதன் 18ஆம் பிரிவில், ஒரு வழியை வைத்திருந்தது. நீதிமன்ற ஆணையின்கீழ் உள்ள பூர்வகுடிக் குழந்தையைப் பற்றிய அரசின் பொறுப்புகளைப் பூர்வகுடி அமைப்பின் தலைமை அலுவலரிடம் ஒப்படைக்க அப்பிரிவு இடமளித்தது. சட்டம் பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2017இல், மொலி டயர் தோற்றுவித்த அதே அமைப்பு அவ்வதிகாரத்தை முதன்முதலாக ஏற்றது. குழந்தை எங்கே வாழ்வது, எந்த உறவினரைத் தேடுவது, எப்போது வீடு திரும்புவது என்பவற்றை அதன் பின்னர் அம்மக்களே எடைபோடத் தொடங்கினர்.

2018இல் விக்டோரியாவில் பூர்வகுடிச் சமூகமும், அரசும், சமூக சேவை நிறுவனங்களும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் பெயர் 'வுங்குரில்வில் கப்கப்துயிர்'. லாட்ஜி லாட்ஜி மொழியில் 'வலிய குடும்பங்கள்' என்று பொருள். கவிஞர்களாகிய நீங்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். ஒரு காலத்தில் விடுதிகளில் தம் மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட நாட்டில், அரசின் ஒப்பந்தம் ஒன்று பூர்வகுடி மொழியில் பெயர் தாங்குகிறது.

ஆனால் பெயரைக் கண்டு மயங்கிவிடலாகாது. 1997இல் அந்த அறிக்கை வந்தபோது, வீட்டுக்கு வெளியே அரச பராமரிப்பில் இருந்த குழந்தைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பூர்வகுடியினர். இன்று அப்பங்கு பத்தில் நான்கைத் தாண்டிவிட்டது. நாட்டின் குழந்தைகளுள் அவர்களோ நூற்றுக்கு ஆறு பேர் அளவே. 2020ஆம் ஆண்டுத் தேசிய உடன்படிக்கையில் எல்லா அரசுகளும், பூர்வகுடி அமைப்புகளின் கூட்டமைப்பும் கையொப்பமிட்டு, 2031க்குள் இந்த மிகைநிலையை 45 விழுக்காடு குறைப்பதாக உறுதி பூண்டன. 2024 பெப்ரவரியில் உற்பத்தித்திறன் ஆணையம் அவ்வுடன்படிக்கையை ஆராய்ந்து, அரசுகள் தம் வாக்கைப் போதிய அளவில் நிறைவேற்றவில்லை எனக் கூறிற்று. குடும்பம் சிதையாமல் இருக்கச் செலவிடும் பணத்தைவிட, சிதைந்தபின் குழந்தையைப் பராமரிக்கச் செலவிடும் பணமே இன்றும் மிகப் பெரிது. வீடில்லாத தாய்க்கு வீடு கொடுப்பதற்கு முன் அவளுடைய பிள்ளைக்கு வேறு வீடு தேடப்படுகிறது.

ஆகவே 'கூட்டாண்மை' என்ற புதுச்சொல்லை நாம் எவ்வாறு உரசிப் பார்ப்பது? மூன்று கேள்விகள் போதும். முடிவெடுப்பவர் யார்? பணம் யார் கையில்? கணக்கு யாரிடம் ஒப்புவிக்கப்படுகிறது? இம்மூன்றுக்கும் விடை பழையபடியே இருக்குமாயின், 1909இன் 'பாதுகாப்பு' வேறு ஆடை உடுத்தி வந்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

அன்பர்களே, நாம் நம் பிள்ளைகளை வார இறுதிதோறும் வாகனத்தில் ஏற்றித் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச்செல்கிறோம். இதே நாட்டில் பிள்ளைகள் வாகனத்தில் ஏற்றப்பட்டது மொழியை மறப்பதற்காக. இந்நாட்டில் பேசப்பட்ட இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுள், குழந்தைகள் இன்று தாய்மொழியாகக் கற்பவை ஏறத்தாழ ஒரு டசின் மட்டுமே. குலின் மக்களின் மண்ணில் குடியிருந்து தமிழ் வளர்க்கும் நமக்கு இது அயலார் செய்தியாகாது. நம்மவருள் மருத்துவர், ஆசிரியர், அரச அலுவலர் பலர் உளர். அக்குழந்தைகளின் கோப்புகள் அவர்கள் மேசைக்கும் வரும். அப்போது ஒரு பூர்வகுடிப் பாட்டியின் சொல்லுக்குக் காது கொடுக்கும் பொறுமை அவர்களுக்கு வேண்டும். கவிஞர்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் எளியது. அவர்களுக்காக எழுத விரைவதற்கு முன், அவர்களே எழுதியதைப் படியுங்கள். மார்கரெட் டக்கரின் நூலிலிருந்து தொடங்கலாம்.