தகரத்துக்கா, தேயிலைக்கா?

இலங்கையில் நுவரெலியா, ஹட்டன் பக்கம் போனால் தேயிலை வாங்காமல் திரும்ப மாட்டோம். கடையில் பளபளக்கும் தகர டப்பாக்கள் கண்ணைப் பறிக்கும். அவற்றின் விலையில் பாதி டப்பாவுக்கே போய்விடக்கூடும். தொழிற்சாலையை ஒட்டிய விற்பனைக் கூடத்தில் சாதாரணப் பொட்டலம் கேளுங்கள். தேயிலைக்குக் காசு கொடுங்கள், தகரத்துக்கு வேண்டாம்.

பொட்டலத்தில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்றிருக்கும். அது தரவரிசை அல்ல, இலையின் அளவு. அரிசியும் குருணையும் மாதிரி. பொடி இலை சீக்கிரம் சாயம் இறங்கும், பால் தேநீருக்கு அருமை. நுவரெலியாத் தேயிலை நிறம் வெளிறியது, மணம் கூடியது. அதைப் பிளேன்டீயாகக் குடித்தால்தான் அருமை தெரியும். அம்மாவுக்குப் பால் தேநீர்தான் பிடிக்குமென்றால், ஹட்டன் பக்கத்துப் பொடித் தேயிலை வாங்குங்கள்.

வாளேந்திய சிங்க முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது கலப்பில்லாத இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது. மலையகத் தமிழ்ப் பெண்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்த கொழுந்து அது. பேரம் பேசும்போது அதையும் நினையுங்கள்.

வாங்கியதைப் பயணப் பையில் சோப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.