கியோர்கே ஹாஜியின் இடது கால்

மாலையில் திடலில் இறங்கும் பிள்ளைகளைப் பாருங்கள். எல்லாருக்கும் கோல் போடத்தான் ஆசை. கைதட்டலும் கோல் போட்டவனுக்கே கிடைக்கிறது. அந்தக் கோலுக்கு வழி அமைத்துக் கொடுத்தவன் நாலடி பின்னால் நிற்பான்; அவனைக் கவனிப்பவர் குறைவு. காற்பந்தில் அவ்வேலைக்கென்றே ஓர் ஆட்டக்காரர் உண்டு. எதிரணியின் தற்காப்பு வரிசைக்கும் அதற்கு முன்னால் நிற்கும் நடு வரிசைக்கும் இடையே ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்தில் பந்தை வாங்கி, யார் எங்கே ஓடுகிறார் என்பதை ஒரு நொடியில் கண்டுகொண்டு, பந்தை அங்கே சேர்ப்பவர் அவர். பத்தாம் எண் சட்டை பெரும்பாலும் அவருடையது. அத்தகையவர்களுள் சிறந்த ஒருவரான ருமேனிய நாட்டின் கியோர்கே ஹாஜியைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

ஹாஜி என்றதும் மக்கா சென்று திரும்பிய பெரியவர்கள்தாம் நம் நினைவுக்கு வருவார்கள். பால்கன் நாடுகளில் எருசலேம் சென்று வந்த கிறித்தவர்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். காலப்போக்கில் அது அங்கே குடும்பப் பெயராகவும் வழங்கலாயிற்று.

அவர் 1965ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், கருங்கடல் ஓரத்துக் கான்ஸ்டான்சா மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அவருடைய குடும்பம் அரோமானியர் என்னும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தது. மலைக்கும் சமவெளிக்குமாக ஆடுகளை ஓட்டிச் சென்று பிழைத்த மக்கள் அவர்கள். ஹாஜி முதலில் ஆடியது ஊர்ப்பக்கத்து ஃபாருல் குழுவில். 18 வயதில், 1983இல், நார்வேக்கு எதிராக நாட்டுக் குழுவிலும் இடம் பிடித்துவிட்டார். தலைநகர் புக்காரெஸ்டில் மாணவர் குழுவொன்றில் ஆடியபோது, 1985இலும் 1986இலும் அடுத்தடுத்து லீக்கிலேயே மிகுதியாகக் கோல் போட்டவர் அவர்தான்.

1987இல் ஐரோப்பிய சூப்பர் கிண்ண ஆட்டம் வந்தது. இராணுவத்தின் ஸ்டெவுவா குழு அந்த ஓர் ஆட்டத்துக்கென்று ஹாஜியை வாங்கிக்கொண்டது. கீவ் நகரின் டைனமோ குழுவுக்கு எதிராக நேராக உதைத்த ஃப்ரீ கிக்கில் ஆட்டத்தின் ஒரே கோலை ஹாஜி போட்டார். ஓர் ஆட்டத்துக்கு வாங்கியவரை அவர்கள் திருப்பி அனுப்பவே இல்லை. அதிபர் சௌஷெஸ்குவின் ஆட்சி நடந்த காலம் அது. ஆட்டக்காரர்கள் வெளிநாட்டுக் குழுவைத் தேடிப் போக முடியாது. திறமை இருந்தும் கதவு திறக்கவில்லை. 1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. மறு கோடையில் ஹாஜி ஸ்பெயின் நாட்டு ரியல் மாட்ரிட் குழுவில் சேர்ந்தார்.

அதன் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று எண்ணிவிட வேண்டாம். ரியல் மாட்ரிட்டில் இரண்டு பருவம் ஆடியும் லீக் பட்டம் கிட்டவில்லை. 1992இல் இத்தாலியின் பிரெஷியா என்னும் சிறிய குழுவுக்குப் போனார். அக்குழு 1993இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பெயர் பெற்றவர்கள் அப்படிப்பட்ட வேளையில் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். ஹாஜியோ அங்கேயே இருந்து இரண்டாம் பிரிவில் ஆடினார். மறு ஆண்டு குழு மேலே ஏறி வந்தது. அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது இந்த ஓர் ஆண்டைத்தான்.

இரண்டாம் பிரிவில் ஆடிவிட்டு வந்த அந்த மனிதர்தான் 1994 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்குப் போனார். முதல் எதிரி கொலம்பியா. முந்தைய ஆண்டு அர்ஜென்டினாவை அதன் சொந்த மண்ணிலேயே ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்ற குழு அது. கிண்ணம் அவர்களுக்கே என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 34ஆம் நிமிடத்தில் இடது ஓரக் கோட்டருகே ஹாஜியிடம் பந்து வந்தது. அங்கிருந்து நடுவே தூக்கிப் போடுவார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கோல் காவலர் சற்று முன்னே வந்து நிற்பதை ஹாஜி கண்டுவிட்டார். இடது காலால் ஓர் உதை. அவ்வளவு தொலைவிலிருந்து பறந்து சென்ற பந்து, காவலர் தலைக்கு மேலாக வளைந்து வலைக்குள் விழுந்தது. ருமேனியா 3–1 என்று வென்றது.

இடது கால் என்றதும் பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளை இடது காலால் உதைத்தால் வலது காலுக்கு மாற்றச் சொல்லி அதட்டாதீர்கள். இடது கால்காரர் எந்தக் குழுவிலும் குறைவு. பந்து வளையும் திசை வேறு என்பதால் எதிரி தடுமாறுகிறான். ஹாஜி பெற்ற பெயரெல்லாம் அந்தக் காலால் வந்ததுதான்.

அடுத்த ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 4–1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலும் ஹாஜியுடையது. ஜூலை 3ஆம் நாள் அர்ஜென்டினாவைச் சந்தித்தார்கள். ருமேனியர் பின்னால் கூடி நின்று காத்து, பந்து கிடைத்ததும் மூன்று நான்கு உதைகளில் மறு முனையை எட்டிவிடுவார்கள். அப்படி ஆட, தலை நிமிர்ந்து பார்க்கும் ஒருவர் நடுவே வேண்டும். டுமிட்ரெஸ்கு போட்ட இரண்டாம் கோலுக்கு ஹாஜி வழி கொடுத்தார். மூன்றாம் கோலுக்கு டுமிட்ரெஸ்கு வழி கொடுக்க, ஹாஜி ஓடி வந்து போட்டார். 3–2. கால் இறுதியில் சுவீடனிடம் பெனால்டியில் தோற்றுத் திரும்பினார்கள். ருமேனியா உலகக் கிண்ணத்தில் எட்டிய தூரம் அதுதான்.

பிறகு பார்சிலோனாவில் இரண்டு ஆண்டுகள். அங்கே அவர் நிலைக்கவில்லை. 31 வயதில் துருக்கியின் கலாத்தாசாராய் குழுவில் சேர்ந்தபோது, ஓய்வெடுக்கப் போகிறார் என்று பேசியவர்கள் உண்டு. அக்குழு 1997 முதல் 2000 வரை தொடர்ந்து நான்கு முறை லீக் வென்றது! என் கணிப்பு இது: பெரிய குழுக்களில் ஹாஜி பலருள் ஒருவர். தம்மை நடுவில் வைத்து மற்றவர்கள் ஓடும் குழுவில்தான் அவர் முழு ஹாஜி. பின்னால் ஓடிப் பந்தைப் பறிப்பது அவர் இயல்பன்று. அந்த ஓட்டத்தை வேறு யாரேனும் ஓடியாக வேண்டும்.

அவரிடம் முன்கோபமும் இருந்தது. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதற்காக அதை மறைக்க எனக்கு மனமில்லை. 2000 மே 17ஆம் நாள் கோப்பன்ஹேகனில் யூஃபா கிண்ண இறுதியாட்டம். எதிரி இங்கிலாந்தின் ஆர்செனல். கூடுதல் நேரம் தொடங்கிய சில நிமிடங்களில் எதிரணித் தலைவர் ஆடம்ஸைத் தாக்கியதற்காக ஹாஜிக்குச் சிவப்பு அட்டை காட்டினார் நடுவர். எஞ்சிய பத்துப் பேரும் கோல் விடாமல் காத்தார்கள். பெனால்டியில் வெற்றி உதையை உதைத்தவர் ருமேனியர் பொப்பெஸ்கு. அவரும் ஹாஜியும் சகலர்கள். அக்காள் தங்கையை மணந்தவர்கள். துருக்கியக் குழு ஒன்று வென்ற முதல் ஐரோப்பியக் கிண்ணம் அது. ஆனால் மூத்தவர் விட்ட குறையை மற்றவர்கள் சுமக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே, ஐரோப்பியக் கிண்ணக் கால் இறுதியில் இத்தாலிக்கு எதிராக மறுபடியும் சிவப்பு அட்டை. நாட்டுச் சட்டையில் 124ஆம் ஆட்டமும் கடைசி ஆட்டமும் அதுவே. ருமேனியாவுக்காக அவர் போட்ட கோல்கள் 35.

2001இல் ஆட்டத்தை விட்டார். 2009இல் தம் சொந்த மாவட்டத்தில், சிறுவர்களுக்கென்று ஒரு காற்பந்துப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அதன் குழுவுக்கு இட்ட பெயர் வீட்டோருல். எதிர்காலம் என்று பொருள். கூடத்தின் குழு, ஹாஜியே பயிற்றுநராக இருக்க, 2017இல் நாட்டின் லீக் பட்டத்தை வென்றது. 2021இல் அது பழைய ஃபாருல் குழுவோடு இணைந்தது. அவர் சிறுவனாக ஆடிய அதே ஃபாருல், அவர் பயிற்சியில் 2023இல் நாட்டின் வெற்றியாளரானது.