புதிதாக வருபவருக்கு எந்த லெவல்?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை சொல்லி விளையாடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974-ல் வெளிவந்தது. ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரம் ஏற்பார்கள். அனுபவப் புள்ளி சேரச் சேர லெவல் ஏறும்.

நால்வர் ஐந்தாம் லெவலில் இருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்த பிள்ளை சேர வருகிறது. எந்த லெவலில் தொடங்குவது? "நாங்கள் பாடுபட்டு ஏறினோம், அவனும் ஒன்றிலிருந்து ஏறட்டும்" என்பார்கள். நியாயமாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ஐந்தாம் லெவலுக்கு 6,500 புள்ளி வேண்டும், ஆறாவதற்கு 14,000. வித்தியாசம் 7,500. கிடைக்கும் புள்ளியை எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வதால், பழையவர்கள் ஐந்திலிருந்து ஆறுக்குப் போவதற்குள் புதியவரும் 7,500 சேர்த்து ஐந்தைத் தொட்டுவிடுவார்.

அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே! முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஏழு, எட்டு இருந்தாலே அதிகம். எதிரி 'ஃபயர்பால்' ஒன்று எறிந்தால் ஆறுமுகப் பகடை எட்டு உருளும். சராசரிச் சேதம் 28. பாதியாகக் குறைந்தாலும் 14. ஆள் விழுந்துவிடுவார். மற்றவர்கள் விளையாட, அந்தப் பிள்ளை வேடிக்கை பார்க்கும். மறுவாரம் வராது.

ஆகவே மற்றவர்கள் இருக்கும் லெவலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் வரவு வைப்பதால் உங்கள் கணக்கில் பற்று விழப்போவதில்லை. நீங்கள் கதையில் வென்ற மந்திர வாளும் பொற்காசும் உங்களிடமே இருக்கும். பாடுபட்டதற்கு அந்த மரியாதை போதும்.

ஒரு எச்சரிக்கை. விளையாட்டே தெரியாத பிள்ளையிடம் ஐந்தாம் லெவல் பாத்திரத்தைக் கொடுத்தால், அத்தனை திறமைகளையும் மந்திரங்களையும் பார்த்துத் திணறிப்போகும். முதலில் எல்லோரும் முதல் லெவல் பாத்திரங்களோடு ஒரு சின்னக் கதையைத் தனியாக விளையாடுங்கள். இரண்டாம் லெவலுக்கு 300 புள்ளிதான், மூன்றாவதற்கு 900; சீக்கிரம் ஏறலாம். பழகிய பிறகு பெரிய கதைக்குள் அழைத்து வாருங்கள்.

லெவல் என்பது வெறும் எண். புதுப் பிள்ளைக்கு இந்த வளாகத்தில் முதல் நண்பர்கள் அந்த மேசையில்தான் கிடைக்கப்போகிறார்கள். பெற்றோர்களே, பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.