கல்லூரிக்குச் சென்ற பாடகர்

தாவரவியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நான் இன்று ஓர் இசைத்தட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அந்த இசைத்தட்டு என்னிடம் வந்து சேர்ந்ததே தாவரவியலின் வழியாகத்தான்.

ஒரு செடி எப்போது பூக்க வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது? இக்கேள்விக்குரிய விடைகளுள் ஒன்று 2003ஆம் ஆண்டில் 'தி பிளான்ட் செல்' என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. ஆக்கர்மேன், சகாய் என்னும் இருவர் எழுதிய கட்டுரை அது. கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியை அவர்கள் ஆராய்ந்தனர். மைக்ரோ ஆர்.என்.ஏ. 172 என்னும் மிகச் சிறிய மூலக்கூறு, பூப்பதைத் தடுத்து நிறுத்தும் மரபணுக்களை அடக்கிவைக்கிறது. அது மிகுந்தால் செடி காலத்துக்கு முந்தியே பூக்கிறது என்று கண்டனர். இத்தகைய மூலக்கூறுகளை முதன்முதலில் கண்டறிந்த ஆம்ப்ரோஸ், ருவ்குன் ஆகிய இருவருக்கு 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்ததை நீங்கள் அறிவீர்கள்.

இக்கட்டுரையை நான் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இந்த ஆக்கர்மேன் பாட்டுப் பாடுகிறவர்" என்றான். பெயர் ஒற்றுமையாக இருக்கும் என்று சொல்லி அவனை உட்காரவைத்தேன். தவறு என்னுடையதே. மறுவாரம் அவன் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான்.

அதன் உறையில் கழுத்துப்பட்டை அணிந்து மூக்குக்கண்ணாடியுடன் நிற்கும் ஒரு பையனின் கோட்டுருவம் இருந்தது. தட்டின் பெயர் 'மைலோ கோஸ் டு காலேஜ்'. அதாவது, மைலோ கல்லூரிக்குச் செல்கிறான். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை அடுத்த கடற்கரை ஊர்களில் தோன்றிய 'டிசென்டென்ட்ஸ்' என்னும் குழுவினரின் முதல் நெடுந்தட்டு இது. 1982ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பதிவு செய்யப்பட்டு, செப்டம்பரில் வெளிவந்தது. பாடியவர் மைலோ ஆக்கர்மேன். அப்போது அவருக்கு வயது 19. முரசு முழக்கிய பில் ஸ்டீவன்சனுக்கு இன்னும் 19கூட நிறையவில்லை. ஃபிராங்க் நவெட்டா கிதார் வாசித்தார். பேஸ் கிதார் வாசித்த டோனி லம்பார்டோ மட்டும் முப்பதைக் கடந்தவர். பாடகர் உயிரியல் படிக்கச் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட இருந்தார். பாடகரை இழக்கப்போகும் குழு, அந்தப் பிரிவையே தன் முதல் தட்டுக்குப் பெயராகச் சூட்டிற்று!

உறையிலுள்ள உருவத்துக்கும் ஒரு கதை உண்டு. மைலோ பள்ளியில் படித்த காலத்தில், புத்தகப் புழு என்று அவரைக் கேலி செய்து பள்ளித் தோழர் ஒருவர் வரைந்த சித்திரங்களே அதற்கு மூலம். கேலிச் சித்திரத்தை ஒளிக்காமல் குழுவினர் அதையே தங்கள் கொடியாக உயர்த்திக்கொண்டனர். பின்னர் வந்த தட்டுகள் பலவற்றிலும் அந்தக் கண்ணாடிப் பையனே காட்சி தருகிறான்.

இனி, பாட்டுக்கு வருவோம். உள்ளதைச் சொல்வதானால், முதல் முறை கேட்டபோது எனக்கு இரைச்சலைத் தவிர வேறொன்றும் புலப்படவில்லை. பதினைந்து பாடல்கள், எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு நிமிடங்கள்! நெடுந்தட்டின் ஒரே பக்கத்தில் அனைத்தையும் அடக்கிவிடலாம். பாடல் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்; நாம் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் அங்கே பாட்டு முடிந்துவிடுகிறது. மூன்றாம் முறை கேட்டபோதுதான் என் காது பழகிற்று. 'மையேஜ்' என்னும் முதற்பாடலைத் தொடங்கிவைப்பது பேஸ் கிதார். அதன் பின்னும் அது மூலையில் அடங்கிக் கிடப்பதில்லை. பாடுபவருக்குப் பக்கத்தில் தனக்கென ஓர் இன்னிசையை இழைத்துக்கொண்டே ஓடுகிறது. 'ஹோப்' என்னும் பாடலில், காதலில் தோற்ற இளைஞனின் ஏக்கத்தை அந்த வேகத்துக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்கலாம்.

இதன் அருமையை உணர அக்காலத்தை அறிய வேண்டும். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் 'பங்க்' என்னும் முரட்டு இசை எழுந்தது. அது லாஸ் ஏஞ்சலிஸை அடைந்தபின் வேகமும் சீற்றமும் மேலும் ஏறின. இனிமை ஏறக்குறைய விலக்கப்பட்டது எனலாம். அதே கடற்கரைப் பகுதியிலுள்ள ஹாதார்ன் என்னும் ஊர்தான், 1960களில் இன்குரல்களை இழைத்துப் பாடிப் புகழ்பெற்ற 'பீச் பாய்ஸ்' குழுவின் பிறப்பிடம். அந்த இனிமையை இந்தச் சீற்றத்தோடு மணமுடித்த முன்னோடிகளுள் டிசென்டென்ட்ஸ் குழுவினர் முக்கியமானவர்கள். பிற்காலத்தில் 'பாப் பங்க்' என்று பெயர்பெற்ற வகை இதுவே. இவ்விளைஞர்கள் அரசியல் முழக்கம் செய்யவில்லை. பெற்றோரோடு பிணக்கு, கேட்டலினா தீவுக் கடல், ஊர்ப்புறத்தில் ஒரு வீடு வேண்டும் என்னும் ஆசை ஆகியவற்றையே பாடினார்கள். வீட்டுக்கு ஆசைப்படுவது கலகக்காரர் நடுவே ஒரு கலகம்தானே!

குறையையும் சொல்லிவிட வேண்டும். பிறரை இழிக்கும் சொற்கள் சில பாடல்களில் உள்ளன. இளமையின் பேரால் அவற்றுக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை.

தட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று அம்மாணவன் தயங்கித் தயங்கி, "ஐயா, படிப்பு, பாட்டு இரண்டையும் ஒருவன் வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டான். அவன் கிதார் வாசிப்பவன் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பல ஆண்டுகளாக இக்கேள்விக்கு ஒரே விடையை எல்லோருக்கும் சொல்லிவந்தவன் நான். அன்று அந்த விடை வாயில் வரவில்லை. நான் அறிந்துகொண்ட செய்திகளை மட்டும் அவனுக்குச் சொன்னேன்.

மைலோ கல்லூரிக்குச் சென்றதும் குழு ஓய்ந்தது. ஸ்டீவன்சன் வேறொரு குழுவில் முரசு வாசிக்கப் போனார். நவெட்டா இசையை விட்டு ஆரிகன் மாநிலத்துக்குச் சென்று மீன்பிடி தொழிலை மேற்கொண்டார். 1985இல் குழு அடுத்த தட்டை வெளியிட்டபோது அவர் அதில் இல்லை. 1987இல் மைலோ மீண்டும் ஆய்வுக்குத் திரும்பினார். எஞ்சியோர் வேறு பாடகரைக் கொண்டு வேறு பெயரில் பாடினர். மைலோ முனைவர் பட்டம் பெற்றார். 1996இல் ஒரு தட்டுக்காக வந்து பாடினார். பின் டுபாண்ட் நிறுவனத்தில் தாவர ஆராய்ச்சியாளராகப் பணியாற்றினார். 2016இல் அப்பணி முடிவுற்ற பிறகே இசை அவருக்கு முழுநேரத் தொழிலாயிற்று. அப்போது அவருக்கு வயது 53.

2002ஆம் ஆண்டில் லம்பார்டோவும் நவெட்டாவும் ஸ்டீவன்சனும் ஒன்றுகூடித் தங்கள் பழைய பாடல்களுக்கு வாத்தியங்களை வாசித்துப் பதிவு செய்தனர். பாடும் குரல் மட்டும் அப்போது சேரவில்லை. 2008இல் நவெட்டா காலமானார். மைலோ தம் குரலை அந்தப் பதிவில் சேர்த்தது 2020இல். தட்டு வெளிவந்தது 2021இல்.