வயலா, வீட்டு மனையா?



ஒரு நகரம் வளர்கிறது என்று சொல்லும்போது, அதன் ஓரத்தில் ஒரு வயல் சுருங்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அந்த வயல் எப்பொழுது மனையாக வேண்டும், யார் சொல்லி ஆகவேண்டும், ஆனபின் அதனால் வரும் இலாபம் யாரைச் சேரவேண்டும் என்னும் மூன்று வினாக்களும் இந்நாட்டின் நகர மன்றங்களில் ஓயாது எழுப்பப்படுகின்றன. பிறமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வினாக்களில் தனிப்பட்ட அக்கறை உண்டு. பிழைப்பைத் தேடிச் சென்ற ஊரில் நாம் கேட்கும் முதல் உதவி ஒரு வீடு. அவ்வீடு எந்த நிலத்தில் எழலாம் என்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்திலோ நம்மவர் இருப்பது அரிது. ஆதலின் இவ்விஷயத்தைக் கன்னட நாட்டின் தென்கோடியில் உள்ள சாமராஜநகரையும், அதன் பழைய தலைநகரமாகிய மைசூரையும் முன்வைத்து இன்று சிறிது ஆராய்வோம்.

சத்தியமங்கலத்தை விட்டு, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வடக்கே செல்வோர் அடையும் முதற் பெரிய ஊர் சாமராஜநகர். முன்னாளில் இதன் பெயர் அரிகொட்டாரம். இங்குப் பிறந்த தம் தந்தையார் சாமராஜ உடையாரின் நினைவாக, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1818இல் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். சாமராஜேசுவரர் கோயிலை எழுப்பியவரும் அவரே. இதன் அருகில் உள்ள கொள்ளேகால் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எனவே தமிழ் இப்பகுதிக்கு விருந்தாளியன்று, பழைய குடி. 1997இல் மைசூர் மாவட்டத்தினின்று பிரிந்து சாமராஜநகர் தனி மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. தலைமையிடம் என்றால் கச்சேரிகள், நீதிமன்றம், கல்லூரி, மருத்துவமனை ஆகியவை வரும். அவற்றில் வேலை பார்ப்போர் வருவர். அவர்களுக்குக் கடை வைப்போரும் வீடு கட்டுவோரும் வருவர். அத்தனை பேருக்கும் கூரை வேண்டும். ஊரைச் சுற்றி இருப்பதோ புன்செய் நிலமும், ஏரியும், கன்னடத்தில் ‘கோமாளம்’ எனப்படும் மேய்ச்சல் தரையுமே. இங்கேதான் வழக்குத் தொடங்குகிறது.

இவ்வழக்குக்கு மைசூரில் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் மைசூர் இராஜ்யத்தையும் விட்டுவைக்கவில்லை. காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசலே நோயின் வீடு என்று அக்காலத்து ஆட்சியினர் கருதினர். பம்பாயில் 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டது. மைசூரில் 1903இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு நிறுவப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலில் தோன்றியவற்றுள் அஃது ஒன்று. சாமராஜபுரம், இலட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம் முதலிய பகுதிகளில் அகன்ற வீதிகளும், திட்டமிட்ட மனைகளும், பூங்காக்களும் அமைந்தது அந்த முயற்சியின் காலத்தில்தான். இன்று மைசூரைக் காணச் செல்வோர் புகழ்ந்துரைக்கும் அழகிற் பெரும்பகுதி, வீடு கட்டுவதற்கு முன்பே வீதியை வகுத்ததனால் வந்தது.

நம் சென்னையும் இவ்வழியிற் சென்றதுண்டு. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னர் மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நெடிய ஏரி தூர்க்கப்பட்டு, மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரால் தியாகராய நகர் உண்டாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே நல்வாழ்வு பெற்றன. ஆயினும் பெருமழைக் காலத்தில் அந்நகரின் தெருக்களில் நீர் தேங்கும்போதெல்லாம், அங்கே ஓர் ஏரி இருந்தது என்னும் பேச்சும் எழுகிறது. புதிய குடியிருப்பு என்பது ஒரு நன்மை. அதற்கு ஒரு விலையும் உண்டு. அவ்விலையை எவர் கொடுக்கிறார் என்பதை முன்னரே கணக்கிடுவதுதான் நகரமைப்பு.

இனிச் சட்டம் சொல்வதைக் காண்போம். 1961ஆம் ஆண்டின் கர்நாடக நகர, கிராம அமைப்புச் சட்டப்படி, வளரும் நகரங்களுக்குப் பெருந்திட்ட வரைபடம் ஒன்று தயாரிக்கப்படுகிறது. அதில் குடியிருப்புக்கு மஞ்சள், பூங்காவுக்கும் வேளாண்மைக்கும் பச்சை, தொழிற்சாலைக்கு ஊதா என்று வண்ணம் தீட்டுவது வழக்கம். பச்சையை மஞ்சளாக்க வேண்டுமாயின், அம்மாற்றம் பொது நலனுக்கு உகந்ததாக இருத்தல் வேண்டும். நாளிதழில் விளம்பரம் செய்து, பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கேட்டல் வேண்டும். மாநில அரசின் முன் அனுமதியும் பெறல் வேண்டும். இதுவன்றி, 1964ஆம் ஆண்டின் நிலவருவாய்ச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி, விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு வருவாய்த் துறையின் உத்தரவும் தேவை. இதனைக் கன்னடத்தில் ‘பூபரிவர்த்தனை’ என்பர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒன்று தோன்றுவதுண்டு. கன்னட அறிவிப்பில் வரும் ‘ஆக்ஷேபணை’ நமது ஆட்சேபணைதான். ‘சார்வஜனிக ஹிதாசக்தி’ நமது பொது நலன்தான். சொற்களை ஒரு மொழியினின்று மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதில் இடர்ப்பாடு ஒன்றுமில்லை. ஆனால், பொது நலன் என்ற ஒரே சொல்லை உழவர் ஒரு பொருளிலும், வீடு வேண்டுவோர் ஒரு பொருளிலும், மனை வணிகர் ஒரு பொருளிலும் வழங்கும்போது, எந்த அகராதியும் உதவ வருவதில்லை.

வழக்கில் உள்ள கட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உழவருள் ஒரு சாரார், மழை பொய்த்த நிலத்தை நல்ல விலைக்கு விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்க விரும்புகின்றனர். மற்றொரு சாரார், நிலத்தை இழந்தபின் கையில் வரும் பணம் எத்தனை நாள் நிற்கும் என்று அஞ்சுகின்றனர். குத்தகைக்கும் கூலிக்கும் உழைப்பவருக்கோ விற்பதற்கு நிலமும் இல்லை. விற்றபின் வேலையும் இல்லை. ஏற்கெனவே வீடு கட்டி வாழ்வோர், இன்னும் ஆயிரம் வீடுகள் வந்தால் நமக்கு வரும் குடிநீர் என்ன ஆகும் என்று கேட்கின்றனர். வாடகைக் குடியிலிருப்போர், வீடு பெருகினால்தான் வாடகை தணியும் என்கின்றனர். இவர்களில் எவர் சொல்வதும் பொய்யன்று.

நகர மன்றத்தின் நிலையும் சங்கடமானதே. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையில், நகரமைப்பும் நிலப்பயன் ஒழுங்கும் நகராட்சிப் பணிகளின் வரிசையில் முதலில் நிற்கின்றன. நடைமுறையில், திட்டம் வகுத்து மனை பிரிக்கும் அதிகாரம் நகர வளர்ச்சி ஆணையம் என்னும் தனி அமைப்பினிடம் இருந்துவருகிறது. மனை பிரித்தபின் சாக்கடை அடைத்துக்கொண்டால் மக்கள் சென்று முறையிடுவது, தாம் வாக்களித்த மன்ற உறுப்பினரிடம். ஓர் அமைப்பு கையெழுத்திட, மற்றோர் அமைப்பு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மனைப் பிரிவுகளை ஏற்றுக்கொள்ள நகராட்சிகள் தயங்குவதன் காரணம் இதுவே.

இவ்வழக்கின் உள்ளே மறைந்திருக்கும் பொருளாதாரத்தையும் அறிதல் வேண்டும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வயலாக இருக்கும்வரை அஃது ஏக்கர்க் கணக்கில் விலைபோகிறது; வரைபடத்தில் வண்ணம் மாறியதும், வீதிக்கும் பூங்காவுக்கும் கழித்தது போக எஞ்சியது சதுர அடிக் கணக்கில் விலைபோகிறது. நிலம் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை, ஒரு கையெழுத்தினால் அதன் மதிப்புப் பன்மடங்காகிறது. இந்த உயர்வு உழவருக்கா, வாங்கி வைத்திருந்தவருக்கா, பொதுமக்களுக்கா? நகர மன்றங்களில் குரல் உயர்வதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே.

மைசூரில் அண்மையில் நிகழ்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. பழைய டிரஸ்டு போர்டின் பணியை 1988 முதல் மைசூர் நகர வளர்ச்சி ஆணையம் ஏற்று நடத்தியது. ‘முடா’ என்று நாளிதழ்கள் அழைத்தது இதைத்தான். நிலம் இழந்தவர்க்கு ஈடாக, சீர்படுத்திய மனையில் பாதியை வழங்கும் 50:50 என்ற முறை 2020இல் வந்தது; 2023இல் கைவிடப்பட்டது. இழந்த நிலம் நகரின் ஓரத்தில் இருக்க, ஈடாகக் கிடைத்த மனை விலைமதிப்பு மிக்க பகுதியில் அமைந்தது என்பதே எழுந்த குற்றச்சாட்டு. 2024இல் இது மாநில அரசியலையே உலுக்கியது. அவ்வாண்டு முதலமைச்சராக இருந்த சித்தராமையாவின் மனைவியாருக்கு அளிக்கப்பட்டிருந்த 14 மனைகளும் இதில் பேசப்பட்டன. 2024 அக்டோபரில் அவர் அவற்றை ஆணையத்திடம் திருப்பி ஒப்படைத்தார். முதலமைச்சர் தரப்பினர் தவறு ஏதும் இல்லை என்றனர். புகார் கூறியோர் நீதிமன்றத்தை நாடினர். குற்றத்துக்குப் போதிய சான்று இல்லை என்று லோகாயுக்தா காவல் துறையினர் 2025இல் அறிக்கை அளித்தனர். யார் சரி என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு மனைக்காகப் பல்லாண்டுகள் விண்ணப்பித்துக் காத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்தினருக்கு, மனை எந்த விதியின்படி எவருக்குச் செல்கிறது என்பது திறந்த புத்தகமாய்த் தெரிந்திருந்தால், இத்தனை ஐயங்களுக்கு இடமே இராது.

சாதாரணக் குடிமக்களின் குரலுக்கு வலிமை உண்டா என்று சிலர் வினவலாம். உண்டு. பெங்களூரில், பூங்காவுக்கென ஒதுக்கிய ஓர் இடம் தனியார் மருத்துவமனைக்கு வழங்கப்பட்டபோது, அப்பகுதியில் வாழ்ந்தோர் வழக்குத் தொடுத்தனர். 1991இல் உச்சநீதி மன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பூங்கா என்று வரைந்ததை ஒருவர் விருப்பத்திற்காக மாற்றுதல் தகாது என்பதும், அப்பகுதி மக்களுக்கு அதனைக் கேட்கும் உரிமை உண்டு என்பதும் அன்று நிலைநாட்டப்பட்டன.

இனி, நம்மவர்க்கு நேரே பயன்படும் ஒரு செய்தி. வெளியூரிலிருந்து வந்து சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள், விலை மலிவென்று வாங்குவது பெரும்பாலும் ‘ரெவின்யூ சைட்’ எனப்படும் அங்கீகாரம் பெறாத மனையையே. விளைநிலத்தைக் கல் நட்டுப் பிரித்து விற்றது அது. பத்திரம் இருக்கும், வீதி இராது. வீட்டுக்கு எண் இருக்கும். கட்டடத்துக்கு அனுமதி இராது. இத்தகையவற்றை ஒழுங்குபடுத்தக் கர்நாடக அரசு ‘அக்ரம–சக்ரம’ என்ற திட்டத்திற்கு 2014இல் விதிகள் வகுத்தது. உயர்நீதி மன்றம் 2016இல் அதனை ஏற்றது. 2017 ஜனவரியில் உச்சநீதி மன்றம் அதனை நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டிலும் 2016இல், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதி மன்றம் தடை விதித்தது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. விதி வரும், தடை வரும், மீண்டும் விதி வரும். இடையிலே தம் சேமிப்பனைத்தையும் கொடுத்தவர் காத்திருப்பார். ஆதலின் முன்பணம் கொடுப்பதற்கு முன், பூபரிவர்த்தனை உத்தரவு, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு வரைபடம், நகராட்சியின் ‘கத்தா’, வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். அவை கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அதனினும் நன்று, நீங்களே படிக்கக் கற்றுக்கொள்ளுதல். வாழும் ஊரின் எழுத்தை அறியாதவர், தம் வீட்டின் பத்திரத்தையே பிறர் கண்ணால் பார்க்க நேரிடும்.

இன்னும் ஒன்று. ‘நாம் வந்தேறியவர்கள், உள்ளூர் வழக்கில் நமக்கென்ன?’ என்று ஒதுங்குவது நம்மவரிடம் காணும் ஒரு வழக்கம். அதில் அடக்கமும் உண்டு, அச்சமும் உண்டு. ஆனால் ஆட்சேபணை தெரிவிக்கப் பொதுமக்களை அழைக்கும் அறிவிப்பு, அவர் தாய்மொழி யாது என்று கேட்பதில்லை. வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே வாக்காளராகப் பதிந்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத தெருவுக்கு மன்ற உறுப்பினர் வருவது அரிதென்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒருவராய்ப் பேசத் தயக்கமாயின், அண்டை வீட்டுக் கன்னடரோடும் உருதுக்காரரோடும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு மனு அளிக்கலாம். குடிநீர்க் குழாய்க்கு மொழி வேற்றுமை கிடையாது.

அம்மனுவில் என்ன எழுதலாம்? புதிய வீடுகள் வேண்டாம் என்று எழுத வேண்டுவதில்லை. நமக்குப் பின் வருவோர்க்கும் வீடு வேண்டுமன்றோ! ஏரியையும் அதன் வாய்க்காலையும் தொடாதிருக்க வேண்டும் என்று கேட்கலாம். வீடு எழுமுன் குடிநீரும், சாக்கடையும், வீதியும், பள்ளிக்கு இடமும் அமைய வேண்டும் என்று கேட்கலாம். நிலமதிப்பின் உயர்வில் ஒரு பங்கு, நிலம் கொடுத்த உழவரையும் குறைந்த வருவாயினர்க்கான வீடுகளையும் சென்றடைய வேண்டும் என்று கேட்கலாம். மாற்றத்திற்கான காரணங்களை எழுத்தில் வெளியிட வேண்டும் என்றும் கேட்கலாம். இவை நால்வர் கூடிப் பேசினால் ஒருவரும் மறுக்க இயலாத கோரிக்கைகள்.

1903இல் மைசூரில் வீதி வகுத்தவர்கள், தாம் காணப்போகாத மக்களின் மூச்சுக்காற்றையும் எண்ணிப் பார்த்தார்கள். சாமராஜநகர் போன்று இப்பொழுது வளரும் ஊர்களில் அதே எண்ணத்தோடு வரைபடம் தீட்டுவது இயலாத செயலன்று. அடுத்த முறை உங்கள் ஊர் நாளிதழில், நிலப்பயன் மாற்றம் பற்றிய சிறிய விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டால், பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆட்சேபணைக்குரிய கடைசி நாள் எது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.