கடற்படைக்காரர் வீட்டுக்கு வந்த கதை

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற கடற்படை வீரர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

ஜிம்மி கார்ட்டர் 4 ஆண்டுகள் அமெரிக்க அதிபராக இருந்தார். ரோசலின் அம்மையாருக்கு 77 ஆண்டுகள் கணவராக இருந்தார். அந்த 4 ஆண்டுகளைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த 77 ஆண்டுகளைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். செம்மண் பூமி, வேர்க்கடலை வெள்ளாமை. 1924இல் பிறந்த அந்த ஊர்ப் பையனுக்குக் கடற்படை ஆசையை ஊட்டியவர் தாய்மாமன். பசிபிக் துறைமுகங்களிலிருந்து மாமன் போட்ட கடிதங்களைப் படித்துப் படித்தே பையன் வளர்ந்தான். 1946 ஜூனில் அன்னாபொலிஸ் கடற்படைக் கழகத்தில் பயிற்சி முடித்தபோது, சட்டைத் தோளில் அதிகாரிப் பட்டையைக் குத்திவிட இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருவர் தாய் லில்லியன், இன்னொருவர் ரோசலின். அடுத்த மாதமே கல்யாணம்.

பிறகு நீர்மூழ்கிக் கப்பல் சேவை. 'பாம்ஃப்ரெட்' என்ற கப்பலில் ஒரு புயல் இரவு. மேல்தளத்தில் காவல் நின்றவரை அலை ஒன்று தூக்கி 30 அடி தள்ளிப் போட்டது. கையில் சிக்கிய பீரங்கிக் குழலைக் கட்டிப்பிடித்துத் தப்பினார். அந்தக் குழல் அகப்படாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1952 டிசம்பர் 12. கனடாவில் சாக் ரிவர் அணு உலையில் விபத்து. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்திப் பிரிவில் இருந்த கார்ட்டர் ஒரு குழுவோடு அங்கே போனார். பக்கத்து டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரி ஒன்றை அப்படியே அமைத்து, எந்தத் திருகை யார் எப்படிக் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்தார்கள். உள்ளே ஒருவர் நிற்கக் கூடிய நேரம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். ஓராண்டு முழுவதும் உடம்பு தாங்கலாம் என்று அன்று வைத்திருந்த கதிர்வீச்சு அளவு, அந்த ஒன்றரை நிமிடத்தில் ஏறிவிடும். ஓடிப் போவார்கள், கழற்ற முடிந்ததைக் கழற்றுவார்கள், ஓடி வருவார்கள். உள்ளே ஒரு திருகு கழன்றால், மைதானத்து மாதிரியிலும் அதே திருகைக் கழற்றி வைப்பார்கள், அடுத்துப் போகிறவருக்குத் தெரிய வேண்டுமே! அப்போது அவருக்கு வயது 28. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

கப்பலில் ஒருவர் முடிவெடுத்தால் மற்றவர்கள் அதன்படி நடக்க வேண்டும். உயிர் காக்கும் ஒழுங்கு அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒழுங்கை அவர் அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோனார். சங்கடம் அங்கேதான் தொடங்கியது.

1953 ஜூலையில் தந்தை கணையப் புற்றுநோயால் இறந்தார். படுக்கையில் கிடந்தவரைப் பார்க்கக் கறுப்பரும் வெள்ளையரும் வரிசையாக வந்து, வெளியே தெரியாமல் அவர் செய்த உதவிகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். மகன் மனம் இளகிவிட்டது. கடற்படை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவது என்று முடிவு செய்தார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

ரோசலினுக்குக் கடற்படை வாழ்க்கை பிடித்திருந்தது. தாயும் மாமியாரும் இருக்கும் ஊரைவிட்டு, தன் கையால் தன் குடித்தனத்தை நடத்திய பெண் அவர். அழுதார், சத்தம் போட்டார், பலிக்கவில்லை. பிளெய்ன்ஸ் வரைக்கும் நீண்ட கார்ப் பயணம். பக்கத்திலிருந்த கணவரோடு பேச்சில்லை. வண்டியை எங்காவது நிறுத்த வேண்டுமென்றால், மூத்த பையனை விட்டு அப்பாவிடம் சொல்லச் சொன்னார். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். பிள்ளையைத் தூது விடாத வீடு எங்கே இருக்கிறது?

ஒன்பது ஆண்டு கழித்து இதே கதை மறுபடியும் நடந்தது. 1962, தன் 38ஆவது பிறந்தநாளில், வேலைக்குப் போகிற உடுப்பை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று மனைவி விசாரித்த பிறகுதான், மாநில செனட் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னார். அப்படி ஒரு முடிவை அவளைக் கேட்காமல் எப்படி எடுத்தேன் என்று பின்னாளில் அவரே வியந்து பேசியிருக்கிறார்.

அவரை மாற்றியது கணக்குப் புத்தகம் என்பேன் நான். கடற்படையை விட்டு ஊர் திரும்பிய புதிதில் வறட்சி, கடலைக் கிடங்கில் வருமானம் இல்லை. ரோசலின் கணக்கியல் புத்தகத்தை வைத்துத் தானாகவே படித்து வரவு செலவை எழுதத் தொடங்கினார். எந்தச் சரக்கில் லாபம், எதில் நட்டம் என்று கணவரைவிட அவருக்கே நன்றாகத் தெரிந்தது. கார்ட்டர் அவரிடம் கேட்க ஆரம்பித்தார். அந்தப் பழக்கம் வெள்ளை மாளிகை வரை போனது. அமைச்சரவைக் கூட்டத்தில் மனைவி உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வாரம் ஒரு மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டபடி நாட்டு விஷயம் பேசினார்கள். பலர் முணுமுணுத்தார்கள். கார்ட்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்காகச் சண்டை நின்றுவிட்டதா? 1987இல் இருவரும் சேர்ந்து ஒரு நூல் எழுதப்போய், மணவாழ்க்கையே முறியும் நிலைக்கு வந்தது. கடைசியில், ஒத்துப்போகாத இடங்களில் யார் எழுதிய பத்தி என்று பெயரின் முதலெழுத்தைப் போட்டு அச்சிட்டார்கள். இன்னொரு சண்டைக்குப் பிறகு கார்ட்டர் தச்சுப் பட்டறைக்குப் போய், ஒரு மெல்லிய வால்நட் பலகையில் எழுத்துகளைச் செதுக்கி வந்து கொடுத்தார். இதைக் காட்டினால் எந்த மாலையிலும், நீ விரும்புகிறபடி, என் மன்னிப்புக் கோரிக்கையோ மன்னிப்போ உனக்கு உண்டு, ஆயுசுக்கும் செல்லும் என்ற பொருளில் எழுதியிருந்தார். கட்டளை போட்டுப் பழகிய கை செதுக்கியது அது! அவருக்குக் கிடைத்த நோபல் பரிசைவிட அந்தப் பலகையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பரிசும் சும்மா வந்துவிடவில்லை. 1986இல் ஏறக்குறைய 35 லட்சம் பேரை வாட்டிய நரம்புச் சிலந்தி நோய், 2023இல் 14 பேராகக் குறைந்ததில் அவர் நிறுவிய அறப்பணி மையத்தின் பங்கு பெரியது. 2006இல் லோனாவாலா அருகே நம் மக்களுக்கு வீடு கட்ட இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

2023 நவம்பரில் ரோசலின் மறைந்தார். அஞ்சலிக் கூட்டத்தில் மகள் ஏமி ஒரு கடிதத்தை வாசித்தார். 75 ஆண்டுகளுக்கு முன், கடற்படையில் இருந்தபோது கார்ட்டர் மனைவிக்கு எழுதியது. எழுதியவர் 99 வயதில், சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி அங்கேயே இருந்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 29 அன்று அவரும் போனார். வாஷிங்டனில் அவர் உடலைக் கடற்படை நினைவிடத்தில் நிறுத்தி, அங்கிருந்து குதிரை வண்டியில் கொண்டுசென்றார்கள். அடக்கம் பிளெய்ன்ஸில், ரோசலின் பக்கத்தில்.

தலைவர் அவர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்து முன்வரிசையிலுள்ள வீரர்களைப் பேச அழைக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அவர்களுக்கு முன்னால், அவர்கள் கடலில் இருந்த மாதங்களில் வீட்டை நடத்திய துணைவியர் பேசட்டும். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நான் இறங்குகிறேன். அம்மா, வாருங்கள்.